ஐந்து கிலோவாட் தீயோடு ஒரு மாஸ்டர் தீசிஸ்

ஜெர்மனிக்கு மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்க வரும் நம்மவர்களில் பலர், தீசிஸ் என்றதும் சிமுலேஷனைத்தான் தேடுகிறார்கள். லேப்டாப் போதும், கையில் எண்ணெய் ஒட்டாது. நான் எடுத்தது நேர் எதிரான வேலை: வாகனங்களில் வைக்கும் சின்ன பர்னர் ஒன்றில் பயோடீசலை எரித்து அளந்து பார்ப்பது. ஜூனியர்கள் அடிக்கடி கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அந்த பர்னர் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். இங்கே குளிர்காலத்தில் லாரி ஓட்டுநர்கள் கேபினிலேயே தூங்குவார்கள். இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுப் படுக்க முடியாது. தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவதைப் போக்குவரத்து விதியே தடுக்கிறது. அதனால் வண்டியின் டேங்கிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக டீசலை இழுத்து எரித்துச் சூடு தரும் பார்க்கிங் ஹீட்டர் இருக்கும். லாரி கேபினுக்கு 2 கிலோவாட், காருக்கு 5 கிலோவாட் என்ற அளவில். மின்சாரப் பேருந்துகள் சிலவற்றில்கூட, குளிர் நாளில் பேட்டரி ஹீட்டருக்கே தீர்ந்துவிடாமல் இருக்க எண்ணெய் ஹீட்டர்தான். பேருந்து மின்சாரம், ஹீட்டர் மட்டும் டீசல் என்றால் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதல்லவா? பயோடீசல் இங்கே வருவது அதனால்தான்.

இவ்வளவு சின்ன தீயில் எண்ணெயை நாசில் வைத்துப் பீய்ச்ச முடியாது. 5 கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 0.6 லிட்டர்தான் செலவு. வீட்டு ஹீட்டிங்கில் போடும் அழுத்த நாசில்களில் ஆகச் சிறியதே மணிக்கு 1.5 லிட்டர் அளவு. அதைவிடச் சின்ன துளை போட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த ஹீட்டர்களில் ஆவியாக்கும் முறை. ஒரு குட்டி பம்ப் ‘டிக், டிக்’ என்று எண்ணெயைத் தள்ளும். அது வெப்பம் தாங்கும் உலோக இழைகளால் ஆன மெத்தை ஒன்றில் ஊறும். பக்கத்தில் குளோ பின், அதாவது மின்சாரத்தில் சூடேறும் குச்சி, சிவந்து நிற்கும். ஆவி கிளம்பிக் காற்றோடு கலந்து பற்றும். நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வில் முதலில் ஸ்பிரிட்டைக் கொளுத்தி பர்னரைச் சூடாக்குவோமே, ஏறக்குறைய அதே கதை: சூடு ஏறாமல் எண்ணெய் வந்தால் புகைதான்.

என் வேலை ராப்சீட் என்ற கடுகு இனத்து விதையின் எண்ணெயிலிருந்து செய்யும் மெத்தில் எஸ்டரை, அதாவது இங்குள்ள வழக்கமான பயோடீசலை, தனியாகவும் டீசலோடு கலந்தும் இதில் எரிப்பது. தொடக்கத்தில் தீ தொடர்பான எந்த வேலையும் கிடையாது. பாதுகாப்பு வகுப்பு, கையெழுத்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் சோதனை, அப்புறம் குழாய் மாற்றும் வேலை. சாதாரண நைட்ரைல் ரப்பர் எஸ்டரில் ஊதிப் பெருத்துவிடும். ஓ-ரிங் முதல் ஹோஸ் வரை ஃப்ளோரோ ரப்பருக்கு மாற்றினோம். புகையில் உள்ள ஹைட்ரோகார்பனை அளக்கும் கருவிக்குப் போகும் குழாயை 190 டிகிரியில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஆறினால் கனமான ஆவி குழாய்ச் சுவரிலேயே படிந்துவிடும், கருவி ‘புகை சுத்தம்’ என்று பொய் சொல்லும். தினமும் காலையில் கருவியைச் சரிபார்க்க வேண்டும்: நைட்ரஜன் விட்டு ஜீரோ, அளவு தெரிந்த சிலிண்டர் வாயு விட்டு மேல் அளவு. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், நிஜமாகச் சொல்கிறேன்.

பட்டறையில் இருந்த மூத்த டெக்னீஷியன் திரையைப் பார்க்கவே மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு பம்ப் சத்தத்தைக் கேட்பார். “காற்று இழுக்கிறது, லைனில் குமிழ் இருக்கிறது, நிறுத்துங்கள்” என்பார். ஒளி புகும் குழாயில் பார்த்தால் கடுகளவு குமிழ் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஓட ஆரம்பித்ததும் முதலில் தலையைச் சொறிய வைத்தது லாம்டா, அதாவது தரும் காற்றுக்கும் தேவைப்படும் காற்றுக்குமான விகிதம். பம்ப் கன அளவில் தள்ளுகிறது. அதற்கு டீசலும் எஸ்டரும் ஒன்றுதான். ஆனால் எஸ்டரின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய 14.5 கிலோ காற்று வேண்டும், எஸ்டருக்கு 12.5 கிலோ போதும். எஸ்டர் கொஞ்சம் அடர்த்தி அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், எந்தத் திருகையும் தொடாமல் எண்ணெயை மட்டும் மாற்றினாலே காற்று 10 சதவீதம் போல மிஞ்சுகிறது. வெப்பமும் லிட்டருக்கு 8, 9 சதவீதம் குறைவு. அப்போது கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு அளவை எண்ணெயின் குணம் என்பதா, மிஞ்சிய காற்றின் வேலை என்பதா? அதனால் எல்லா ஒப்பீட்டையும் இரண்டு விதமாகச் செய்தோம்: அமைப்பை மாற்றாமல் ஒன்று, புளோயரைக் குறைத்து லாம்டாவைச் சமமாக்கி இன்னொன்று. முதலாவது வண்டிக்காரருக்கு, இரண்டாவது நமக்கு. பயோடீசல் கட்டுரைகள் படிக்கும்போது இதைத்தான் முதலில் தேடுங்கள். சிலவற்றில் லாம்டா என்ன என்றே சொல்லியிருக்க மாட்டார்கள்.

சூடேறி நிலையாக எரியும்போது, உண்மையில், சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை. புகையின் கருமையைப் பார்க்கும் பக்கரக் கைப் பம்பில் வடிதாளைச் செருகிப் புகையை இழுத்தால் தாள் வெள்ளையாகவே வரும். விவகாரம் முழுக்கப் பற்றவைக்கும் நேரத்தில்.

டீசல் 180 டிகிரியிலிருந்து 360 வரை படிப்படியாகக் கொதிக்கும் கலவை. அதன் லேசான பகுதி சீக்கிரம் ஆவியாகிப் பற்றிக்கொண்டு மிச்சத்தையும் சூடாக்கும். ராப்சீட் எஸ்டரில் அந்த லேசான பகுதியே இல்லை. பெரும்பாலும் 18 கார்பன் மூலக்கூறுகள், 330 டிகிரிக்கு மேல்தான் கிளம்பும். குளோ பின் சிவந்திருக்கும், பம்ப் அடித்துக்கொண்டிருக்கும், தீ வராது. எக்ஸாஸ்டில் வெள்ளையாக, கண்ணைக் கரிக்கும் ஆவி. பிறகு திடீரென்று ‘புஃப்’ என்று பற்றும், திரையில் ஹைட்ரோகார்பன் கோடு செங்குத்தாக ஏறி இறங்கும். பற்றாமலே போனால் கன்ட்ரோலர் எண்ணெயை நிறுத்திவிட்டு மறுபடி முயலும். ஊறிக் கிடக்கும் பழைய எண்ணெய் அப்போது சேர்ந்து எரிய, இந்தத் தடவை கறுப்புப் புகை.

குளோ பின்னைக் கூடுதல் நேரம் எரியவிட்டு, பம்ப்பைத் தாமதமாகத் தொடங்கியதும் பாதிப் பிரச்சினை அடங்கியது. பேட்டரியில் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். 20 சதவீதக் கலவைக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. டீசலின் லேசான பகுதியே எஸ்டரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

மீதிப் பாதி மெத்தையில் இருந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அதைக் கழற்றி எடை போடுவோம். குறைந்த சூட்டில் நெடுநேரம் ஓட்டிய மெத்தையைக் கையில் எடுத்தால் ஓரத்தில் தார் மாதிரி பளபளக்கும் கறுப்பு. நகத்தால் சுரண்டினாலும் வராது. நிறைவுறாத எஸ்டர்கள் பாதிச் சூட்டில் ஆவியாகாமல் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்பட்டுவிடுகின்றன. முழுச் சக்தியில் ஓட்டியவற்றில் படிவு குறைவு, ஏனென்றால் அந்தச் சூட்டில் அதுவே எரிந்துபோகிறது. இரவு முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடும் லாரி ஹீட்டருக்கு இது நல்ல செய்தி இல்லை. இடையிடையே முழுச் சக்தியில் ஓடவிட வேண்டும் என்று எழுதினேன்.

குளிர் அறைச் சோதனை பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிர் தாங்கும் மருந்து கலக்காத ராப்சீட் எஸ்டர் மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே மெழுகு கட்டத் தொடங்கும், அதைத் தாண்டிக் கீழே போனால் ஃபில்டர் அடைக்கும். அதனால் கடும் குளிரில் கலவைகளை மட்டும் ஓட்டினோம்.

தீசிஸ் டிஃபென்ஸில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், எதிர்பார்த்த கேள்விதான் வந்தது: “ஹெச்விஓ இருக்கும்போது எஸ்டர் எதற்கு?” அதுவும் தாவர எண்ணெயிலிருந்து வருவதுதான், ஆனால் ஹைட்ரஜன் ஏற்றி ஆக்சிஜனை நீக்கிவிடுவதால் கொதிநிலை டீசல் வரம்புக்குள்ளேயே இருக்கும். ஒப்பீட்டுக்காக அதையும் ஓட்டியிருந்தோம். பற்றவைப்பதில் டீசலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. 2024 முதல் இங்கே பெட்ரோல் பங்க்குகளிலேயே அதைக் கலக்காமல் விற்க அனுமதி வந்துவிட்டது. ஆனால் விலை அதிகம், செய்யும் ஆலையும் பெரிது. எஸ்டரைச் சின்ன ஆலையில், மெத்தனாலும் காரமும் வைத்தே செய்யலாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டரில் எதையும் மாற்ற மாட்டேன் என்பவருக்கு ஹெச்விஓ, ஆவியாக்கியைப் புதிதாக வடிவமைக்கத் தயார் என்பவருக்கு எஸ்டர் என்று சொன்னேன். பேராசிரியர் தலையாட்டிவிட்டு, எடை போட்ட தராசின் பிழை வரம்பு எவ்வளவு என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.