போகிக்கு முன்னால் பரணை இறக்கினோம்

ஜனவரி 3

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் போகி நெருங்கினால் எல்லா வீட்டுப் பரணும் இறங்கும். காயலான் கடைக்காரருக்குத்தான் கொண்டாட்டம். இந்த முறை நல்ல பாத்திரங்களை எடைக்குப் போடாமல், பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளை வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று தெரு வாட்ஸ்அப்பில் போட்டேன். மதியத்துக்குள் எங்கள் கார் ஷெட் நிறைந்துவிட்டது. பாதி குப்பை. பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா, மூடியில்லாத மிக்ஸி ஜார், அடி ஓட்டையான பால் குக்கர். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான், ஆனால் கொடுக்கிறவர்களாவது ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் இல்லையா?

ஜனவரி 4

குக்கர்களை மட்டும் இங்கே வேலூர் சைதாப்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். கேஸ்கட்டை வளைத்துப் பார்த்தார், விறைத்துப் போனதையெல்லாம் தூக்கிப் போட்டார். வேறு கம்பெனி கேஸ்கட் அளவு ஒத்துவந்த மாதிரி தெரிந்தாலும் போடக் கூடாது என்றார். சேப்டி வால்வுக்குள் சீக்கிரம் உருகுகிற உலோகம் இருக்கிறது. தண்ணீர் வற்றியோ வெயிட் அடைத்தோ சூடு எகிறினால் அது உருகி ஆவியை வெளியே விடும், அதனால்தான் குக்கர் வெடிக்காமல் தப்பிக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த இடத்தில் ஆணி அடித்து அடைத்து வைத்திருந்தார். அந்தக் குக்கரை யாருக்கும் கொடுக்கவில்லை, மூடியை நசுக்கி எடைக்குப் போட்டாயிற்று.

ஜனவரி 6

முதலில் கேட்டுவிட்டு வரலாம் என்று விரிஞ்சிபுரம் தாண்டி ஒரு சூளைக்குப் போனேன். போனது நல்லதாகப் போயிற்று. அங்கே எல்லாம் விறகு அடுப்பு. குக்கர் பேச்சை எடுத்ததும் ஒரு அக்கா சிரித்துவிட்டார். "நெருப்புல வச்சா கைப்பிடி கருகிடும்மா, குண்டான் இருந்தா குடு. களி கிண்ட அடி கனமா ஒண்ணு, தண்ணி புடிக்க மூடி போட்ட குடம்." மழைக்காலத்துக்கு முன்னால் சூளை வேலை முடிந்ததும் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்புகிறவர்கள், அதனால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார். ஷெட்டில் இருக்கும் இண்டக்ஷன் அடுப்பை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு குடிசைக்கு ஒரு பல்பு, அவ்வளவுதான் கரண்ட்.

ஜனவரி 7

வாட்ஸ்அப்பில் புதுப் பட்டியல் போட்டேன்: அலுமினியக் குண்டான், துடுப்பு, இரும்பு வாணலி, எவர்சில்வர் குடம். டீ கப் செட் வேண்டாம். ஒருவர் கோபித்துக்கொண்டார், போகட்டும்.

ஜனவரி 9

குக்கரையும் கேஸ் அடுப்பையும் கொணவட்டம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் சிலருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு. அவர்களிடம் சிலிண்டர் இருக்கிறது. அடுப்போடு வந்த ரெகுலேட்டரை மட்டும் கழற்றிவிட்டேன், அது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டியது. ரப்பர் டியூபும் பழசு வேண்டாம். அதன் மேலேயே எந்த வருஷம் வரைக்கும் என்று அச்சடித்திருக்கும், இது எப்போதோ தாண்டிவிட்டது. புது டியூப் வாங்கிச் சேர்த்தோம்.

மிக்ஸிதான் வேடிக்கை. ஆளாளுக்கு மிக்ஸி தருகிறேன் என்கிறார்கள், அங்கே போனால் 2011-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த மிக்ஸி சில வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. ஜாரைச் சுழற்றும் கப்ளர் தேய்ந்து நிற்கிறது, இல்லையென்றால் ஜார் பிளேடு இறுகிக் கிடக்கிறது. அவர்களுக்கு இன்னொரு மிக்ஸி எதற்கு? பாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போனால் போதும்.

ஜனவரி 11

பின்வீட்டு அத்தை பித்தளைத் தவலை ஒன்று கொண்டுவந்தார். உள்ளே ஈயம் போயிருந்தது. அப்படியே கொடுத்து யாராவது புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும். ஈயம் பூசக் கொடுத்திருக்கிறோம். தவலையின் கழுத்தில் அவர் மாமியார் பேர் வெட்டியிருக்கிறது. அழித்துத் தரட்டுமா என்று பூசுகிறவர் கேட்டதற்கு அத்தை, "இருக்கட்டும்பா, அவங்க ஊருக்கே பொங்கிப் போட்டவங்க" என்றார். எனக்கென்னவோ வாங்குகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது, தினமும் அடுத்த வீட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டு சமைக்க எல்லோருக்கும் பிடிக்காது.

ஜனவரி 12

சூளைக்குக் குண்டான்களும் குடங்களும் போய்ச் சேர்ந்தன. தவலையை அதே அக்கா எடுத்துக்கொண்டார். பேர் விஷயம் சொன்னேன். "பேர் இருந்தா நல்லதும்மா, மாத்தி எடுத்துக்கினு போவ மாட்டாங்க" என்றார். இண்டக்ஷன் அடுப்பு இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. வேலூரில் யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்கள், அடி தட்டையாக, காந்தம் ஒட்டுகிற பாத்திரம் இரண்டு சேர்த்தே தருகிறேன்.