முள் ஏறினால் பெட்ரோல் போடவும்

மிச்சிகனில் குளிர்காலம் வந்தால் சாலையெல்லாம் உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. சரக்கு காலடியில் கிடக்கும்போது எதற்குக் கஞ்சத்தனம் என்று லாரி லாரியாக அள்ளி வீசுவார்கள். பனியும் கரையும், வண்டியின் அடிவயிறும் கரையும். இந்த ஊரில்தான் என் மனைவியின் தம்பி 1988-ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினான்.

அவன் வேலை பார்ப்பது கார்த் தொழிலில்தான். நாள் முழுக்கக் கணினித் திரையில் பெட்ரோல் டேங்க் வரைகிறவன். அதனால் மனைவி குடும்பத்தில் யாருக்கும் இந்த விஷயத்தில் சந்தேகமே எழவில்லை. திரையில் இருக்கும் டேங்க்குக்குத் துருப்பிடிக்காது என்பதை நான் மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அத்தான், நீங்க சாஃப்ட்வேர் ஆளு" என்று முடித்துவிட்டான்.

வண்டி நல்ல வண்டிதான். 4.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், அவசரமே இல்லாத எஞ்சின். அந்தக் காலத்து பிக்கப்களில் பலவற்றில் இருந்ததுபோல இதற்கும் இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று கேபினுக்குப் பின்னால் சேசிஸின் ஓரத்தில், இன்னொன்று பின் அச்சுக்கும் பின்னால். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் உண்டு. தட்டினால் எஞ்சின் இந்த டேங்க்கை விட்டு அந்த டேங்க்குக்குத் தாவும், பெட்ரோல் முள்ளும் கூடவே தாவும். இதை வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தட்டித் தட்டிக் காட்டினான். 1970கள் வரை பல பிக்கப்களில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டு முதுகுக்குப் பின்னால் இருந்தது என்ற தகவலையும் சேர்த்துச் சொல்வான். முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு அதே கேபினில் சிகரெட் பிடித்த தலைமுறையை நினைத்தால் எனக்கு இன்றும் வியர்க்கிறது.

சிக்கல் பின் டேங்க்கில். பாதி வரை பெட்ரோல் போட்டால் ஒன்றுமில்லை. முழுக்கப் போட்டால் தெருவே மணக்கும். அடியில் குனிந்து பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. மடக்கு நாற்காலியைத் தெருவோரம் போட்டு, காபிக் கோப்பையோடு உட்கார்ந்து எங்களைப் பார்ப்பதுதான் வார இறுதிகளில் அவருக்குப் பொழுதுபோக்கு. அவர்தான் சொன்னார்: "ஓட்டை மேல்பக்கம். டேங்க்குக்கு மேலே மண் தங்கும். உப்புத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அங்கேதான் தின்னும்."

சரி, டேங்க்கை மாற்றுவது என்று முடிவாயிற்று. மாற்ற இரண்டு வழி. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துரு கண்ணில் கொட்டக் கொட்ட டேங்க்கைக் கீழே இறக்கலாம். அல்லது பின்பக்கத்துச் சரக்குத் தொட்டியை (இதற்குப் பெயர் 'பெட்') போல்ட் கழற்றி அப்படியே தூக்கிவிடலாம். தூக்கிவிட்டால் டேங்க் கைக்கெட்டும் உயரத்தில் வெயில் காயும். ஆனால் தூக்க ஆள் வேண்டும்.

மச்சினன் நண்பர்களை சனிக்கிழமை மதியம் பிரியாணிக்கு அழைத்தான். பெட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். ஒருவர் கைக்குழந்தையோடு வந்தார். வாசலில் ஜாக்கியும் ஸ்பேனர்களும் பரப்பிக் கிடந்ததைப் பார்த்ததும் வெள்ளைச் சட்டைக்காரர், "தம்பி, பிரியாணி முதல்லயா, அப்புறமா?" என்று கேட்டார். அப்புறம்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், முன்னேற்பாடுகளை ஒழுங்காகச் செய்திருந்தான். முந்தைய வாரம் முழுக்கப் பின் டேங்க்கிலேயே ஓட்டி, எஞ்சின் திக்கித் திணறும் வரை காலி செய்திருந்தான். முழு டேங்க் 18 கேலனுக்கும் மேலே, கிட்டத்தட்ட 70 லிட்டர். பெட்ரோல் மட்டுமே ஐம்பது கிலோ கனக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்திருந்தான். காலி டேங்க்தான் இன்னும் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும் என்று எங்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்தான். எடுத்து முடித்த கையோடு, இறுகிப்போன ஒரு போல்ட்டை அறுக்க, பொறி பறக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். தெருவைக் கடந்து வந்தார், கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினார், ஒயரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் நாங்களும் துரு நெகிழ்க்கும் எண்ணெயை அடித்து, நீளக் கம்பியை ஸ்பேனரில் செருகி, மூன்று பேர் தொங்கித்தான் அந்த போல்ட்டை அசைத்தோம். அது "கிரீச்" என்று திரும்பிய சத்தத்தில் குழந்தை எழுந்துகொண்டது.

ஆளுக்கு ஒரு மூலை பிடித்து, சப்பரம் தூக்குவதுபோல "ஏலேலோ" போட்டுப் பெட்டைக் கிளப்பினோம். இடுப்பு உயரம் வந்திருக்கும். எதிர்ப்பக்கமிருந்து குரல்: "டெயில் லைட் ஒயரைக் கழட்டியாச்சா?"

எல்லோரும் மச்சினனைப் பார்த்தோம். அவன் பெட்ரோல் வாய்க் குழாயைப் பார்த்தான். அதுவும் பெட்டோடு திருகியபடியே இருந்தது. இறக்க முடியாது, கீழே யாரோ டூல் பெட்டியை வைத்திருந்தார்கள். ஏற்றவும் முடியாது. நாங்கள் தாங்கிப் பிடித்திருக்க, அவன் குனிந்து நுழைந்து ஒயரையும் குழாயையும் கழற்றும் வரை வெள்ளைச் சட்டைக்காரர் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். "காக்க காக்க" வந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் ஓங்கியதைக் கவனித்தேன்.

பெட் புல்தரையில் இறங்கியதும் டேங்க் தரிசனம். மேலே இரண்டு விரற்கடைக்கு மண். மச்சினன் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். மண்ணோடு தகடும் சேர்ந்து வந்தது, ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. புதிய டேங்க் பிளாஸ்டிக், ஒரு கையால் தூக்கலாம். அதற்குள் இறங்கும் பம்பும் மிதவையும் கொண்ட டேங்க் ஃப்ளோட்டையும் இணையத்தில் புதிதாகவே வாங்கியிருந்தான். அதைப் பிடித்து நிறுத்தும் வளையத்தைத் தட்டித் திருப்பப் பெரியவர் ஒரு பித்தளை உளியை இரவல் கொடுத்தார். பித்தளையில் தட்டினால் பொறி பறக்காது. ரப்பர் வளையத்தை உட்காரவைத்து, தட்டி இறுக்கி, பட்டைகளை மாட்டி, ஹோஸ்களுக்குக் கிளாம்ப் போட்டு, பெட்டை மறுபடி ஏற்றி, எல்லாம் முடிந்தபோது பிரியாணி ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பேசும் தெம்பு இல்லை.

மறுநாள் பெட்ரோல் பங்கில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின் டேங்க்கை நிரப்பி சாவியைத் திருப்பினான். முள் மெதுவாக இறங்கி, காலி என்ற கோட்டுக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. போட்ட பெட்ரோல் எங்கே? கதவைத் திறந்து குதித்து, அப்படியே சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கடியில் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுவிட்சைத் தட்டினால் முன் டேங்க் சரியாகக் காட்டுகிறது. பின்னுக்குத் தட்டினால் மறுபடி படுக்கிறது. சரி, வருவது வரட்டும் என்று 96-ஆம் நெடுஞ்சாலையில் லேன்சிங் பக்கம் விட்டோம். ஓட ஓட முள் ஏறியது.

அன்று மாலை கைக்குழந்தைக்காரர் மல்ட்டிமீட்டரோடு வந்தார், அவர் எலெக்ட்ரிகல். ஃப்ளோட்டின் ஒயரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மிதவை ஏறி இறங்க மின்தடை மாறும், அதைப் பார்த்துத்தான் முள் அசையும். 1987 முதல் வந்த இந்த வண்டிகளில் டேங்க் காலியானால் 16 ஓம், நிரம்பினால் 158 ஓம். அதற்கு முந்தைய வண்டிகளில் தலைகீழ்: காலியானால் 73, நிரம்பினால் 10. இணையக் கடைக்காரன் அனுப்பியிருந்தது பழைய வகை. பெட்டி மீது மட்டும் 1988 என்று ஒட்டியிருந்தான். எனவே முழு டேங்க் என்றால் முள் பாதாளத்தில். சுத்தமாகக் காலி என்றால் பாதிக்குச் சற்றுக் கீழே கம்பீரமாக நிற்கும்.

மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பெட்டைத் தூக்க வேண்டும். மச்சினன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மஞ்சள் சீட்டில் "பின் டேங்க்: முள் ஏறினால் பெட்ரோல் போடவும்" என்று எழுதி டேஷ்போர்டில் ஒட்டினான்.

அப்படியே பழகியும் விட்டது. ஜூன் மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அத்தை வந்தார். அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். போகும்போது முள் கீழே, வரும்போது மேலே. அத்தை கவனித்துவிட்டார்.

"ஏலே, ஓட ஓடல்லா பெட்ரோல் ஏறுது? ராசியான வண்டிலே இது. வித்துப்புடாத."

அவன் விளக்கிப் பார்த்தான். ஓம் கணக்கெல்லாம் சொன்னான். அத்தை வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, முன்கண்ணாடியில் குங்குமம் வைத்தார். ஊருக்கு வீடியோ காலில் எல்லோருக்கும் காட்டினார். என் மனைவிக்கு இதில் ரொம்பப் பெருமை.

போன வாரம் சரியான ஃப்ளோட் வந்து சேர்ந்தது. மச்சினன் வாட்ஸப் குழுவில் "சனிக்கிழமை மதியம் நம்ம வீட்ல பிரியாணி" என்று போட்டான். வழக்கமாக மட்டனா, சிக்கனா என்று கேட்பவர்கள். வெள்ளைச் சட்டைக்காரர் வேறொன்று கேட்டிருந்தார்: "தம்பி, பெட் வண்டி மேலதானே இருக்கு? போட்டோ எடுத்து அனுப்பு, அப்புறம் வர்றேன்."