திண்ணையில் உட்கார்ந்தால் கொல்லை தெரியாது

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வகுப்பே குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் ‘ஆடுகிறவரே துப்பறிகிற கதை’ என்று எழுதிக் கொடுத்தேன்; திரையில் வழியைத் தொட்டுத் தொட்டு விளையாடுகிற கதை. பெரிய லட்சியமெல்லாம் இல்லை, கேமரா வாடகைக்குக் காசில்லை. இந்த வருஷம் இரண்டு ஜூனியர் பிள்ளைகள் அதே வகையை எடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் போட்டு “அக்கா, எங்க ஆரம்பிக்கிறது?” என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மென்பொருளைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். நான் பயன்படுத்தியது ட்வைன். கிறிஸ் கிளைமஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது, இலவசம். ஒவ்வொரு காட்சியும் ஒரு பெட்டி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அடுத்த பெட்டிக்கு வழி திறக்கும். தமிழ் தட்டலாம். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு என்பதால் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பழகிவிடும்.

நான் மண்ணைக் கவ்வியது வேறு இடத்தில். கதை செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நடக்கிறது. முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். இரட்டை அறைக்குள் வைத்திருந்த கழுத்திருவை, கல்யாணத்தில் பூட்டுகிற பெரிய தங்கத் தாலியை, காணவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருடைய மகள்தான் துப்பறிகிறாள், அதாவது ஆடுகிறவர். முகப்பில் ஆரம்பித்து, ‘உள்ளே போகலாமா, திண்ணையில் உட்காரலாமா’ என்று இரண்டு வழி வைத்தேன். ஒவ்வொன்றிலும் மறுபடி இரண்டு. ஐந்தாவது தேர்வு முடிவதற்குள் திரையில் 63 பெட்டிகள் நின்றன, கழுத்திரு இன்னும் தொலையவே இல்லை. இப்படியே பத்துத் தேர்வு வைத்திருந்தால் 1024 முடிவுகள், மொத்தம் 2047 பெட்டிகள். முதல் ரிவியூவில், “இது கதையாம்மா, வம்சாவளிப் படமா?” என்று கேட்டுவிட்டு நோட்டை மூடினார்கள்.

வீட்டுக்கு வந்து வளவில், அதாவது நடுமுற்றத்தில், உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தி வந்தது. அப்பா காவல் பார்க்கிற அந்த வீட்டில் எந்த அறைக்குள் போனாலும் திரும்ப வளவுக்குத்தானே வந்தாக வேண்டும்? கதையையும் அப்படியே கட்டினேன். பட்டாலை, இரட்டை அறை, இரண்டாங்கட்டு, அடுப்படி, எங்கே போய் யாரை விசாரித்தாலும் முடிவில் வளவு. போனவள் என்ன பார்த்தாள் என்பதை மட்டும் கதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ‘சாவியைப் பார்த்தாள்: ஆம்’ என்று ஒரு மாறி (வேரியபிள்). அது ‘ஆம்’ ஆக இருந்தால் பேச்சில் ஒரு கேள்வி கூடும், அவ்வளவுதான். புதுக் கிளை வேண்டாம். இரண்டாயிரம் பெட்டிக்கு வழி வைத்திருந்தது ஐம்பத்து எட்டில் முடிந்தது.

இன்னொன்றையும் அன்றைக்கே செய்தேன். கதையை ஓரமாக வைத்துவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கோடு போட்ட நோட்டில் கடைசியிலிருந்து எழுதினேன். எடுத்தது யார், எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக, அப்போது மற்ற மூன்று பேர் எங்கே. நீங்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். நான் செய்யாததால் மூன்று வாரம் போச்சு.

என் முதல் வரைவில் கணக்குப்பிள்ளை நேர்மையான சாட்சி. “திண்ணையில உக்காந்திருந்தேன், சமையல்காரம்மா கொல்லைக் கதவு வழியா வெளியே போனதைப் பாத்தேன்” என்பார். அவள்தான் திருடி. அப்பாவிடம் போனைக் கொடுத்து ஆடச் சொன்னேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு மெதுவாகப் படித்தார். அந்த இடம் வந்ததும் சிரித்தார்.

“ஏத்தா, திண்ணையில உக்காந்தா கொல்லை எங்க தெரியும்?”

“வாசல்ல இருந்து பாத்தா பின்தெரு வரைக்கும் தெரியும்லப்பா?”

“வாசல்ல நின்னா தெரியும். கதவெல்லாம் ஒரே நேரா இருக்கு. திண்ணை ரெண்டு பக்கமுமில்ல ஒதுங்கி இருக்கு, அங்க உக்காந்தா தெருதான் தெரியும்.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அதென்ன, எப்பப் பாத்தாலும் சமையக்காரிதான் திருடியா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டிலேயே வளர்ந்தவள், கவனிக்கவில்லை. ஆனால் அழித்துவிடவில்லை. என் பிழையைக் கணக்குப்பிள்ளையின் பொய்யாக மாற்றினேன். மொத்தக் கதையும் அந்த ஒரு பொய்யின் மேல்தான் நிற்கிறது.

அப்புறம் ஒன்பது பேரை ஆட வைத்தேன். ஏழு பேருக்குப் பொய் பிடிபடவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தால் மட்டுமே துப்பு கிடைக்கும் என்று வைத்திருந்தேன், பாதிப் பேர் அங்கே உட்காரவே இல்லை. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்பவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் விளையாட்டுகளை நடத்துகிறவர்களுக்குச் சொன்ன விதி ஒன்று உண்டு: ஆடுகிறவர் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வை. வைத்தேன். திண்ணை அப்படியே இருந்தது. பட்டாலைச் சுவரில் திண்ணையிலிருந்து எடுத்த பழைய கல்யாணப் படம் ஒன்று, அதில் தெரு மட்டும் தெரியும். கதைக்குள் விளையாட வந்த ஒரு சின்னப்பயல், “கொல்லைல ஆள் வந்தாச்சான்னு பாக்க எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்குப் போக வேண்டியிருக்கு” என்று சலித்துக்கொள்வான்.

உள்ளூர் ஞானம் ஒரு கண்ணி, பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்கத்தான் மினுங்கும், புதிதாகப் பதித்த கல் மங்கலாக இருக்கும். அதை ஒரு துப்பாக வைத்தேன். காரைக்குடிப் பிள்ளைகள் பார்த்ததும் பிடித்தார்கள், திருச்சிப் பையன் மிதித்துக்கொண்டே போய்விட்டான். கொத்தனார் வாயில் அதை முன்னாடியே ஒரு வரி சொல்ல வைத்த பிறகுதான் நியாயமானது. துப்பறிபவர் கண்ட துப்பை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இலேயே விதி எழுதியிருக்கிறார். நம் வகையில் துப்பின் அர்த்தத்தையும், அது தெரியாமல் ஆடுகிற வெளியூர்க்காரருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆடுகிறவர் பக்கத்தில் உட்காரும்போது வாயைத் திறக்காதீர்கள். “அங்க தொடு” என்று நாக்கு நுனி வரை வரும். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘யார் திருடினார்?’ என்று நாலு பெயரைக் கொடுத்தால் குருட்டாம்போக்கில் தொட்டாலே நாலில் ஒருவருக்குச் சரியாகிவிடும். நான் ஆளையும் கேட்டேன், அவரைக் கவிழ்க்கும் சான்றையும் ஆறில் ஒன்றாகக் கேட்டேன். இருபத்து நாலில் ஒன்று என்றானதும் ஊகிப்பதை விட்டுவிட்டு யோசித்தார்கள். தப்பாகச் சொன்னால் ‘மீண்டும் முயல்க’ என்று போடாதீர்கள், அது பரீட்சைத்தாள் வாசனை. என் கதையில் சமையல்காரம்மாமேல் பழி போட்டால், அவள் தன் சேலைகளை ஒயர் கூடையில் மடித்து வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விடுவாள். அடுத்த படைப்புக்கு அடுப்படியில் வெளியூர்க் கேட்டரிங் ஆட்கள் நிற்பார்கள்.

1982இல் இன்ஃபோகாம் என்ற விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட ஒரு கொலை விசாரணை விளையாட்டின் பெட்டிக்குள் விசாரணைத் தாள்களும் மாத்திரைகளும்கூட வைத்திருந்தார்களாம். அந்த ஆசையில் வைவாவுக்கு ஒரு ஓலைக் கொட்டானில் பழைய கதவுச் சாவி, கல்யாணப் படத்தின் நகல், மொய் நோட்டுப் பக்கம் ஒன்று என்று போட்டு எடுத்துப் போனேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே ஆடினார். கேள்வியே கேட்கவில்லை. சமையல்காரம்மாளைத்தான் தொட்டார். ஒயர் கூடைக் காட்சியைப் படித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திரையில் பின்னால் வந்து, திண்ணையில் போய் உட்கார்ந்தார்.