நாலு பெரியாக்கள், ஒரே கேபின்: கப்பல் பயணத்துல உண்மையில எவ்வளவு மிச்சம்?

சிங்கப்பூர்ல இருந்து வெளிக்கிடுற உல்லாசக் கப்பல்ல குடும்பமாப் போய்ட்டு வந்ததுக்குப் பிறகு மட்டக்களப்புல எங்கட கல்லடியிலயும் சரி டவுனுக்குள்ளயும் சரி காணுற ஆக்கள் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், நாலு பெரியாக்கள் எப்படி ஒரே ரூமுக்குள்ள கிடந்தீங்க, அப்படிக் கிடந்து எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க எண்டு. ஆளுக்காள் வட்ஸ்அப்ல வொய்ஸ் அனுப்புறத விட ஒருக்கா ஒழுங்கா எழுதி வச்சா போக யோசிக்கிற எல்லாருக்கும் உதவும் எண்டு இத எழுதுறன்.

போனது அம்மா, அக்கா, நான், தம்பி. சின்னப் புள்ளைகள் ஒருத்தரும் இல்ல. 2022ல ரூபா விழுந்து, 200 ரூபா கிட்ட இருந்த அமெரிக்க டொலர் ரெண்டு மூணு மாசத்துல 360 வரைக்கும் போனதுக்குப் பிறகு மாசச் சம்பளத்துல ஓடுற எங்கட குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் எண்டாலே நெஞ்சுக்குள்ள ஒரு பதட்டம்தானே. அக்காவும் நானும் சீட்டுப் போட்டுச் சேத்த காசு, தம்பி ஓவர்டைம் செஞ்ச காசு, அதால ஒவ்வொரு டொலரையும் பாத்துத்தான் செலவழிச்சம்.

முதல்ல விளங்க வேண்டியது கப்பல்காரர் விலை போடுற விதம். ஹோட்டல்ல ரூமுக்கு விலை. கப்பல்ல தலைக்கு விலை, அதுவும் ஒரு கேபின்ல ரெண்டு பேர் இருக்கிறாங்க எண்டு வச்சுப் போடுற விலை. முதல் ரெண்டு பேருக்கும் முழுக் காசு, அதே கேபின்ல மூணாவது நாலாவது ஆளா ஏறுறவங்களுக்கு அனேகமாக் குறைச்சல், சில நேரம் ஓஃபர் எண்டு சொல்லி அவங்களுக்குக் கட்டணமே இல்லாமலும் போடுவாங்க. ஆனா துறைமுக வரியும், ராத்திரிக்கு இவ்வளவு எண்டு தலைக்குத் தலை எடுக்கிற சேர்விஸ் சார்ஜும் எல்லாருக்கும் ஒரே கணக்கு, அதுல மூணாவது ஆள் நாலாவது ஆள் எண்டு ஒரு சலுகையும் கிடைக்காது. விளம்பரத்துல மூணாவது ஆள் ஃப்ரீ எண்டு கிடந்தா அந்த ஃப்ரீக்குள்ள இந்த ரெண்டும் வராது எண்டு நினைச்சிக்கிட்டுத்தான் கணக்குப் பாக்கணும்.

ஒரு உதாரணத்துக்குச் சொல்றன், இது எந்தக் கப்பல்ட விலையும் இல்ல, விளங்கிறதுக்காக நான் போடுற கணக்கு. முதல் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 400 சிங்கப்பூர் டொலர், மூணாவது நாலாவது ஆளுக்கு 200, வரியும் சார்ஜும் தலைக்கு 120 எண்டு வைங்க. நாலு பேரும் ஒரே கேபின் எண்டா எல்லாமா 1,680. ரெண்டு ரெண்டு பேரா ரெண்டு கேபின் எடுத்தா 2,080. அப்ப வித்தியாசம் 400, ஆளுக்கு 100 டொலர். இந்த 100 டொலருக்கு நான் நெருக்குப்படத் தயாரா இல்லையா, அதத்தான் ஒவ்வொருத்தரும் யோசிக்கணும், ஏனெண்டா கனபேர் நினைக்கிற மாதிரி பாதிக்குப் பாதி ஒண்டும் குறையாது.

மறுகா எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்ற யோசனை ஒண்டு இருக்கு, பொம்புளைகள் மூணு பேரும் ஒரு கேபின், ஆம்புளைப் புள்ள தனிய ஒரு கேபின் எண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தனியப் போற ஆளுக்கு அனேகமா ரெண்டு பேர்ட கட்டணத்தையும் சேத்துத்தான் எடுப்பாங்க, கட்டில் வெறுமனே கிடந்தாலும் அதுட காசு அவங்களுக்கு வரணும். மேல சொன்ன கணக்குலயே பாருங்க, மூணு பேர் கேபினுக்கு 1,000, தனி ஆளுக்கு 800, வரியும் சார்ஜும் 480, எல்லாமா 2,280. ரெண்டு ரெண்டாப் போறத விட 200 கூட. அக்கா இதக் கேட்டுட்டு, அப்படியெண்டா தம்பியும் எங்களோடயே கிடக்கட்டும், கல்யாண வீடு வந்தா ஒரு ஹோலுக்குள்ள இருபது பேர் பாய் போட்டுப் படுக்கிற குடும்பம்தானே நாங்க எண்டு முடிச்சிட்டா.

காசப் பிரிக்கிற விசயத்த டிக்கட் போட முதலே இருந்து கதைச்சிரணும். மூணாவது நாலாவது ஆளுக்குக் குறையிற அந்தக் காசு யாருக்குச் சேரணும்? புக்கிங் பேப்பர்ல என்ட பேர் மூணாவதா இருந்தா நான் 320 மட்டும் குடுத்தாப் போதுமா, முதலாவதா பேர் எழுதின அக்கா 520 குடுக்கணுமா? பேர் எந்த வரிசையில கிடக்கு எண்டுறது புக் பண்ணின ஆள் தட்டின வரிசை மட்டும்தான். நாலு பேரும் சேந்து ஏறுறதாலதான் அந்தக் குறைச்சலே வருது, அதால முழுத் தொகையையும் நாலாப் பிரிக்கிறதுதான் நியாயம், நாங்க அப்படித்தான் செஞ்சம், அம்மாட பங்க மூணு புள்ளைகளும் பிரிச்சு எடுத்தம். மேல் கட்டில்ல படுக்கிற ஆளுக்குக் கொஞ்சம் குறைக்கணும் எண்டு அக்கா ஒரு கதை எடுத்தா, தம்பி வேணாம் எண்டுட்டான், ஆனா எந்தக் குடும்பமாவது அப்படிக் குறைச்சா அதுல ஒரு பிழையும் இல்ல எண்டுதான் நான் சொல்லுவன். முகம் பாத்து விட்டுக்குடுத்திட்டு மறுகா வருசக்கணக்கா மனசுக்குள்ள வச்சிருக்கிறத விட இது எவ்வளவோ மேல்.

இனி எந்தக் கேபின் எண்டு. உள்கேபின், அதுக்கு ஜன்னல் இல்ல, அதுதான் ஆகக் குறைஞ்ச விலை. அதுக்கு மேல கடல் பாக்கிற ஜன்னல் உள்ளது, அதுக்கும் மேல பெல்கனி. டிக்கட் போட்ட ஆள் பெல்கனி எடுங்க, வாழ்க்கையில ஒருக்காப் போறீங்க எண்டு விடாமச் சொன்னார். அம்மாதான் ஒரே பிடியா நிண்டா. நாவலடியில அம்மம்மாட வளவு இருந்த இடத்துல 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணத்துக் கட்டு மட்டும்தான் மிஞ்சினது, அந்தக் காலையில இருந்து அம்மா ராத்திரியில கடல்ப் பக்கம் முகம் குடுத்து நிண்டத நாங்க கண்டதில்ல. கல்லடியில இருக்கிற எங்களுக்கு ராத்திரியில சத்தம் அடங்கினா அல கேக்கும், அம்மா அந்தப் பக்க ஜன்னலச் சாத்திட்டுத்தான் படுப்பா. அப்படிப்பட்டவ கப்பலுக்கு வாறன் எண்டு சொன்னதே எங்களுக்குப் பெரிய விசயம். "நீங்க எல்லாரும் பக்கத்துல கிடந்தா நான் வாறன் புள்ள, ஆனா எனக்குக் கடல் தெரியாத ரூமா எடுங்க" எண்டா. நாலு பேரும் ஒரே உள்கேபின் எண்டு முடிவானது காசால பாதி, அம்மாட இந்த வார்த்தையால பாதி.

நாலு பேர் கேபின் நினைச்ச நேரம் கிடைக்காது, இதையும் சொல்லணும். கட்டில் இருந்தாலும் சில நேரம் விக்கமாட்டாங்க. ஒவ்வொரு கேபினுக்கும் ஆபத்து வந்தா எந்த இடத்துல கூடணும், எந்த உயிர்காப்புப் படகுல ஏறணும் எண்டு ஒதுக்கி வச்சிருப்பாங்க, அந்தப் பக்கத்துக்குரிய படகுகள்ட அளவு நிரம்பினா மூணாவது நாலாவது ஆளச் சேக்க ஏலாது, கேபின் காலியாக் கிடந்தாலும் ரெண்டு பேருக்கு மட்டும்தான் குடுப்பாங்க. சிங்கப்பூர்ல பள்ளிக்கூட லீவு விடுற ஜூன் மாசமும் வருசக் கடைசியும் நாலு பேர் கேபினத்தான் குடும்பங்கள் முதல்ல பிடிக்கும், அதால அந்தக் காலத்துல போறதெண்டா நல்லா முந்திப் பாருங்க.

ஏறின உடன ஆபத்துப் பயிற்சி ஒண்டு கட்டாயம். 2012 ஜனவரியில இத்தாலியில கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில மோதி 32 பேர் செத்தாங்க, அண்டைக்குத்தான் ஏறின கனபேருக்கு அந்தப் பயிற்சி குடுக்கப்பட்டிருக்கவே இல்ல, அதுக்கு முந்தின சட்டத்துல 24 மணித்தியாலத்துக்குள்ள குடுத்தாப் போதும். 2015ல இருந்து கப்பல் வெளிக்கிட முதல் இல்லாட்டி வெளிக்கிட்ட உடனயே குடுக்கணும் எண்டு மாத்திட்டாங்க. மத்த ஆக்கள் போன் பாத்துக்கிட்டு நிண்ட நேரம் அம்மா லைஃப் ஜக்கட் காட்டின பிள்ளைட கையையே பாத்துக்கிட்டு நிண்டா, மறுகா எங்களக் கூட்டிக்கிட்டு கேபின் கதவுல இருந்து அந்தக் கூடுற இடம் மட்டும் லிஃப்ட் இல்லாமப் படியால நடந்து பாத்தா, எத்தின திருப்பம், எந்தப் பக்கம் படி எண்டு எங்களச் சொல்லவும் வச்சா. அதுக்குப் பிறகுதான் அவட முகத்துல ஒரு தெளிவு வந்தது. நாலு பேரும் ஒரே கேபின்ல இருந்தா ராத்திரி ஏதும் எண்டா ஆளத் தேட வேண்டியதில்ல, இது எந்த விலைப்பட்டியல்லயும் இல்லாத லாபம்.

இனி உள்ளுக்குள்ள எப்படி இருக்கும் எண்டு. கீழ ரெண்டு கட்டில், ரெண்டையும் சேத்தும் போடலாம், பிரிச்சும் போடலாம், புக் பண்ணும்போதே பிரிச்சுத் தாங்க எண்டு சொல்லிரணும். மேல ரெண்டு கட்டில் சுவருக்குள்ள இல்லாட்டிக் கூரைக்குள்ள மடிச்சுக் கிடக்கும், பின்னேரம் ரூம் துப்பரவாக்க வாறவர் இறக்கி ஏணி மாட்டிட்டுப் போவார், காலையில மடிச்சிருவார். இறக்கின நேரம் கீழ்க் கட்டில்ல நிமிந்து இருக்க ஏலாது, தல முட்டும், அதால பகல்ல மடிச்சு வைக்கச் சொல்லுங்க. வயசான ஆக்கள், முழங்கால் வருத்தக்காரர், ராத்திரியில அடிக்கடி எழும்புறவங்க மேல வேணாம். ஏணி அடியில செருப்பும் பேக்கும் கிடக்கக் கூடாது, சூட்கேஸ எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ தள்ளிரலாம். கனக்க கப்பல்கள்ல கேபின் சுவர் இரும்பு, அதால காந்தக் கொழுக்கி கொஞ்சம் கொண்டு போனா துவாய், தொப்பி, கைப்பை எல்லாம் சுவர்லயே தொங்கும், நிலத்துல கால் வைக்க இடம் வரும். ப்ளக் குறைவு, நாலு போனுக்கும் முறை போட்டுத்தான் சார்ஜ் ஏத்தணும். அயன் பொக்ஸ், மெழுகுதிரி, ஊதுபத்தி ஒண்டும் கொண்டு போக விடமாட்டாங்க. அம்மா மாமாங்கேஸ்வரர் கோயில் திருநீற மட்டும் சின்ன டப்பியில கொண்டு வந்தா.

ஜன்னல் இல்லாத கேபின்ல லைட்ட நிப்பாட்டினா கையக் கண்ணுக்கு முன்னால பிடிச்சாலும் தெரியாது. விடிஞ்சதும் விளங்காது. அம்மா வெள்ளாப்புலயே எழும்புற ஆள், லைட்டப் போட்டா மூணு பேரும் முழிப்பம் எண்டு இருட்டுக்குள்ளயே இருந்து தேவாரம் முணுமுணுப்பா. பட்டரியில எரியிற சின்ன லைட் ஒண்டு வாங்கிப் போங்க, பாத்ரூம் பக்கம் வச்சா ராத்திரியில எழும்புற ஆளுக்கும் நல்லம்.

பாத்ரூம்தான் எல்லாத்துலயும் பெரிய விசயம். ஒண்டுதான் இருக்கும், அதுக்குள்ள ஒரு ஆள் திரும்ப மட்டும்தான் இடம், குளிச்சிட்டு உள்ளுக்கயே உடுப்பு மாத்திறது பொம்புளைகளுக்குக் கஷ்டம். தம்பி இதுக்கு நல்ல வழி ஒண்டு செஞ்சான். காலையில எழும்பின உடன சேட்டும் துவாயும் எடுத்துக்கிட்டு ஜிம் பக்கம் போயிருவான், அங்க ஷவர் இருக்கு, குளிச்சு வெளிக்கிட்டு மேல்தட்டுல தேத்தண்ணியோட நிப்பான், நாங்க மூணு பேரும் ஆறுதலா வெளிக்கிட்டுப் போய்ச் சேருவம். பின்னேரச் சாப்பாட்டுக்கு முதலும் அதே முறைதான். வளந்த ஆம்புளைப் புள்ளையோட ஒரே கேபின்ல போறவங்க ஏற முதலே இந்த ஒழுங்கக் கதைச்சு வைங்க, அங்க போய் வாசல்ல நிண்டு கதைக்கிறது அவனுக்கும் கூச்சம், எங்களுக்கும் கூச்சம்.

என்னக் கேட்டா, மூணு பேர் எண்டா யோசிக்காம ஒரே கேபின். நாலு பேர் எண்டா மூணு ராத்திரி நாலு ராத்திரிப் பயணத்துக்கு ஒரே கேபின் சரி, ஒரு கிழமைக்கு மேல எண்டா கட்டாயம் ரெண்டு உள்கேபின், பக்கத்து பக்கத்துல இல்லாட்டி எதிரெதிரா. பெல்கனி ஒண்டுக்குள்ள நாலு பேர் நெருக்குப்படுறத விட ரெண்டு உள்கேபின் சில நேரம் மலிவாவும் வரும், ரெண்டு பாத்ரூமும் கிடைக்கும், அதால ரெண்டு விலையையும் கேட்டுப் பாக்காமக் காசு கட்ட வேணாம். குறட்ட விடுற ஆள் இருந்தா அவர ஒரு கேபினுக்கும் நல்லாத் தூங்குற ஆள அவரோடயும் போடுங்க.

கப்பலுக்குள்ள காசு கையில குடுக்கிறதில்ல, கேபின் திறக்கிற காட்தான் எல்லாத்துக்கும். நாலு காட்டையும் ஒருத்தர்ட கிரெடிட் காட்டோட சேத்து வச்சா எல்லார்ட கோப்பியும் இன்டநெட்டும் படமும் அவர்ட தலையிலதான் விழும். ஏறின அண்டைக்கே கவுண்டர்ல சொல்லிப் பிரிச்சு வைக்கலாம். இல்லாட்டி ஒவ்வொரு ராத்திரியும் பில்லப் பாத்து யார் யார்ட எண்டு எழுதி வைங்க, அக்கா அப்படித்தான் ஒரு கொப்பியில எழுதினா, கடைசி நாள் ஒரு கதையும் வரல்ல.

இன்னுமொண்டு, இலங்கைப் பாஸ்போட்டுக்கு சிங்கப்பூர் போக விசா தேவையில்ல, வருகைப் போர்ம ஒன்லைன்ல போய்ச் சேர முதல் மூணு நாளுக்குள்ள நிரப்பணும், அதுக்குக் காசு இல்ல. ஆனா கப்பல் பினாங்கு, புக்கெட் எண்டு வேற நாட்டுத் துறைமுகத்தத் தொடும், அந்த நாட்டுக்கு எங்கட பாஸ்போட்டுக்கு என்ன தேவை எண்டு தனியப் பாக்கணும், நீங்க இறங்காம கப்பல்லயே இருந்தாலும் கேப்பாங்க. கேபின்ல ஒருத்தர்ட பேப்பர் சரியில்லாமத் துறைமுகத்துல நிப்பாட்டினா மத்த ஆக்களும் என்ன செய்றதெண்டு தெரியாமத்தான் நிக்கணும், அதால நாலு பாஸ்போட்டையும் ஒரே ஆள் வாங்கி, ஆறு மாசத்துக்கு மேல காலம் கிடக்கா, டிக்கட்ல உள்ள பேரும் பாஸ்போட்ல உள்ள பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா எண்டு பாத்திட்டுக் காசக் கட்டுங்க.