தெரியாத மாதிரி நெய்தவர்

"கத்துக்கிற வரைக்கும் தெனமும் காசு தாரீங்க. கத்துக்கிட்ட பொறவு பாய் வித்தாத்தான் காசு. அப்போ கத்துக்காமலே இருக்கதுதானம்மா எங்களுக்கு நல்லது?"

நாங்கள் நடத்தும் பாய் நெசவுப் பயிற்சிக்கு வந்த ஒரு அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வருகைப் பதிவேட்டை மூடினேன். பதில் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் பாய்ப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். புதியவர்களுக்கு மட்டும் இடம், வருகைக்குத் தினப்படி, கடைசியில் சான்றிதழ், போட்டோ. இந்த அக்காவும் புதியவர் என்று எழுதிக்கொடுத்துத்தான் சேர்ந்தார். மற்ற பெண்கள் கோரையைப் பாவுக்குள், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலுக்குள், விடும்போது அது எங்கே போகிறது என்று குனிந்து தேடுவார்கள். இவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே விடுவார், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பார்க்காமலே கட்டைவிரலால் மடித்துச் செருகுவார், நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும் கை மெதுவாகிவிடும், வேண்டுமென்றே ஒரு இழையைத் தவற விடுவார். நன்றாக நெய்கிறவர் மோசமாக நெய்யப் படுகிற பாடு இருக்கிறதே, அதை அப்போதுதான் பார்த்தேன்.

விசாரித்ததில், சின்ன வயதிலேயே அம்மாவோடு தறியில் உட்கார்ந்தவராம். மாப்பிள்ளை, பெண் பெயர் போட்ட கல்யாணப் பாய் எல்லாம் நெய்திருக்கிறார்.

அந்த பேட்ச் முடியும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பேட்ச்சுக்கும் மனு கொடுத்தார், அப்போது பெயரை எடுத்துவிட்டேன். விதி அப்படி. இருப்பதே கொஞ்சம் இடம், தெரிந்தவர் உட்கார்ந்தால் தெரியாத ஒரு பெண் வெளியே நிற்பாள். இதில் தப்பு என்ன என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன், தப்பு எதுவும் கிடைக்கவில்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லை.

ஏனென்றால் கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது. கோரையை மெல்லிசாகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, 100 முதல் 140 பாவு வரைக்கும் போட்டு நெய்தால்தான் துணி மாதிரி மடிகிற பட்டுப்பாய். ஒரு பாய்க்கே வாரக்கணக்கில் ஆகும், காசு விற்ற பிறகுதான். சாதாரணப் பாய் என்றால் விசைத்தறிக் கோரைப் பாயோடும் பிளாஸ்டிக் பாயோடும் மல்லுக்கட்ட வேண்டும். சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களுக்காவது நூறு நாள் வேலை இருந்தது, 2025-26-ல் நாளுக்கு 336 ரூபாய் என்று நிர்ணயம். பத்தமடை பேரூராட்சி, அங்கே அதுவும் கிடையாது. புவிசார் குறியீடு இருக்கிறது, மேடையில் பேச உதவும்.

பெயர் இல்லை என்று நானே போய்ச் சொன்னேன். "சரிம்மா, புதுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்னா என்னையக் கூப்பிடுவீங்களா?" என்றார். கூப்பிட முடியாது. எங்கள் திட்டத்தில் பயிற்றுநர் என்றால் கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும், விருது ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. அட்டைக்கு எழுதிப்போட்டால் தெரிந்தவர் என்று பதிவாகிவிடும், பயிற்சி போய்விடும், அதனால் அவர் எழுதிப்போடவே இல்லை. ஆக, கற்றுக்கொள்ளவும் தகுதி இல்லை, கற்றுக்கொடுக்கவும் தகுதி இல்லை. இந்த விதிகளை எழுதியவர்கள் ஒரு நாளாவது தறியில் உட்கார்ந்திருப்பார்களா என்று கோபம் வரும். அப்புறம், விதியே இல்லாவிட்டால் தலைவர் வீட்டுச் சொந்தக்காரர்கள்தான் லிஸ்ட் முழுக்க இருப்பார்கள் என்பதும் தெரியும், கோபம் இறங்கிவிடும்.

அவருடைய இடத்துக்கு வந்த பெண் கெட்டிக்காரி. சீக்கிரம் கற்றுக்கொண்டாள், சான்றிதழ் வாங்கினாள், இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மாதச் சம்பளம் வருகிறது, அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? எங்கள் அறிக்கையில் 'பயிற்சி பெற்ற பெண்கள்' எண்ணிக்கையில் அவளும் உண்டு. தறியை விடாமல் வைத்திருக்கும் அக்கா அதில் ஒரே ஒரு முறைதான் வருகிறார், அதுவும் நெய்யத் தெரியாதவர் என்று.

அடையாள அட்டைக்கு எழுதிப்போடுங்கள், பயிற்றுநராக நான் பேசிப்பார்க்கிறேன் என்று இப்போது அவரிடம் சொல்லியிருக்கிறேன். கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவரும் அவசரப்படவில்லை. அட்டை வந்து, வேலை வராமல் போனால், வேறு எங்காவது பயிற்சியில் புதியவராகச் சேர இருக்கிற ஒரு வழியும் அடைபடுமே என்று கேட்டார்.