ஒன்றா, ஏழா?

சேலம் காந்தி விளையாட்டரங்கில் பள்ளி மாணவியருக்கான தடகளப் போட்டி நடந்த ஒரு பிற்பகலில், உயரம் தாண்டுதலின் முடிவுத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, முதலிடம் பெற்ற மாணவி 1.47 மீட்டர் தாண்டினார் என்று எக்ஸ் தளத்தில் பதிவிட்டேன். நடுவரின் கையெழுத்தில் கடைசி ஒன்றின் தலையில் ஒரு சிறு வளைவு இருந்தது. அதை நான் ஏழு என்று படித்துவிட்டேன். உண்மையான உயரம் 1.41. குறுக்குக் கம்பியை மூன்று மூன்று சென்டிமீட்டராக உயர்த்திய போட்டி அது. அந்த மாணவி தாண்டாத இரண்டு உயரங்களை நான் அவர் பெயரில் எழுதிவிட்டேன்.

மாலையில் அவருடைய பயிற்சியாளர் அழைத்தார். "சார், அடுத்த மீட்ல புள்ள 1.44 தாண்டுனா யாரும் பாராட்ட மாட்டாங்க. மூணு சென்டிமீட்டர் கொறஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அதற்குள் அந்த எண் பல வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி, வாழ்த்து பிளெக்ஸ் பேனர் வரை போய்விட்டிருந்தது.

முன்பெல்லாம் மைதானத்திலிருந்து செய்தி அச்சுக்குப் போகும் வழியில் ஒரு துணை ஆசிரியராவது இருப்பார். "போன மாதம் 1.38 என்று எழுதியிருந்தீர்களே, இவ்வளவு கூடியிருக்கிறதா?" என்று கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். இப்போது மைதானத்தில் நிற்கும் செய்தியாளரின் கட்டை விரலுக்கும் வாசகருக்கும் நடுவில் யாருமே இல்லை. அந்தத் துணை ஆசிரியரின் வேலையையும் செய்தியாளரே செய்தாக வேண்டும்.

இதனால் சமூக ஊடகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்டச் செய்தியாளனுக்கு அது பெரும் துணை. எந்தக் கிராமத்துப் பையன் மாநில அணிக்குத் தேர்வானான் என்பது எனக்குப் பெரும்பாலும் சங்கத்தின் அறிக்கையால் தெரிவதில்லை, அவன் அப்பாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸால்தான் தெரிகிறது. ஆஸ்திரேலியாவுக்கு, பயிற்சியில் மட்டும் பந்துவீசும் வலைப் பந்துவீச்சாளராகப் போய், மூன்று வகை கிரிக்கெட் ஆட்டங்களிலும் இந்திய அணியில் அறிமுகமான நடராஜன், 2021 ஜனவரியில் சின்னப்பம்பட்டிக்குத் திரும்பியபோது ஊர் மக்கள் அவரைச் சாரட்டு வண்டியில் அழைத்துச் சென்ற காணொலியைச் சேவாக் பகிர்ந்தார். ஓர் ஊரின் தெரு அன்று நாடு முழுவதும் தெரிந்தது. அச்சில் அந்தச் செய்தி எங்கள் மாவட்டப் பதிப்போடு நின்றிருக்கக்கூடும்.

வீரர்களே நேரடியாகப் பேசத் தொடங்கிய பிறகு, என்ன நடந்தது என்பதைச் சொல்லும் வேலை எங்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிட்டது. தோனி 2020 ஆகஸ்ட் 15 அன்று ஓய்வை அறிவித்தது இன்ஸ்டாகிராமில்தான். கோலி 2025 மே 12 அன்று டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விடைபெற்றதும் அங்கேதான். ஏன், எப்படி என்ற கேள்விகள் மட்டும் இன்னும் எங்களுடையவை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி பெற்றார். அன்று பதிவுகள் முழுக்க வாழ்த்துகளும் அந்த இரண்டு எண்களும்தான். மழையில் ஊனமுற்ற காலின் காலுறை நனைந்துபோனதால் தாண்டுவது கடினமாகிவிட்டது என்பது, போட்டிக்குப் பிறகு அவரிடம் பேசியவர்கள் மூலமாகத்தான் வெளியே வந்தது. அந்த மூன்று சென்டிமீட்டருக்கு அர்த்தம் கொடுத்தது அந்த ஒரு தகவல்.

நம்பகமானவர் சொன்னார் என்பதும் போதாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று ஜிம்பாப்வேயின் முன்னாள் கிரிக்கெட் வீரர் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டார் என்று பதிவிட்டவர்களில் அவருடன் ஆடிய ஹென்றி ஒலோங்காவும் ஒருவர். உலகெங்கும் ஊடகங்கள் அதை வெளியிட்டன. பிறகு ஸ்ட்ரீக்கே செய்தி அனுப்பி, தாம் உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டியிருந்தது. நோயோடு போராடிக்கொண்டிருந்த அவர் செப்டம்பர் 3 அன்று காலமானார். அந்தக் கடைசி நாட்களில் அவருடைய குடும்பம் பட்ட வேதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை அது.

என் தவறான பதிவை நான் சத்தமில்லாமல் நீக்கவில்லை. அப்படி நீக்கினால் பிழை ஸ்கிரீன்ஷாட்டில் வாழும், திருத்தம் எங்கும் இருக்காது. அதே பதிவை மேற்கோள் காட்டி, உயரம் 1.41 என்றும் தவறு என்னுடையது என்றும் எழுதி, என் பக்கத்தின் மேலே பொருத்தி வைத்தேன். பகிர்ந்தவர்களுக்கும் குழுக்களுக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். அதற்கு இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அதே மாணவி மீண்டும் தாண்டினார். நடுவரின் மேசைக்குப் போய், உயரத்தை வாயால் சொல்லச் சொல்லி, "ஒன்று புள்ளி நான்கு நான்கு" என்று குறிப்பேட்டில் எழுத்தில் எழுதி, அவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். மற்றவர்கள் பதிவிட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. என் பதிவில், சென்ற போட்டியைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம் என்பதையும் சேர்த்து எழுதினேன்.