கிரிக்கெட் சேகரிப்புக்கு இன்சூரன்ஸ் எடுத்த அனுபவம்

பல வருடங்களாக கிரிக்கெட் சம்பந்தப்பட்ட பொருட்களைச் சேர்த்துவருகிறேன். வீரர்கள் கையெழுத்துப் போட்ட பேட்டுகள், ஆட்டத்தில் அணிந்த சட்டைகள், பழைய டெஸ்ட் போட்டிகளின் ஸ்கோர்கார்டுகள், டிக்கெட்டுகள், அணி முழுவதும் கையெழுத்திட்ட தாள்கள். இவற்றுக்கு முறையாகக் காப்பீடு எடுத்து முடித்துவிட்டேன். போகிற வழியில் தெரிந்துகொண்டது நிறைய, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். தபால்தலை, நாணயம், சினிமா போஸ்டர், இசைத்தட்டு என்று நீங்கள் எதைச் சேர்த்தாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் கையில் இருந்த வீட்டுக் காப்பீட்டு பாலிசியை எடுத்து முழுதாகப் படித்தேன். வீட்டுக்குள் இருக்கும் பொருள்தானே, வீட்டு பாலிசியிலேயே வந்துவிடும் என்று சேகரிப்பாளர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வராது, வந்தாலும் பேருக்குத்தான். தபால்தலை, நாணயம், ஓவியம், அரும்பொருள் போன்றவற்றை நேராகவே விலக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு பொருளுக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று சின்னதாக ஓர் உச்சவரம்பு இருக்கும். அதையும் தாண்டினால் இழப்பீட்டைக் கணக்குப்போடும் முறையில் சிக்கல். எரிந்துபோனது முப்பது வருடப் பழைய சட்டை என்றால் தேய்மானம் கழித்து ஒரு பழைய சட்டைக்கு என்ன விலையோ அதுதான் வரும். அந்தச் சட்டையை யார் எந்த ஆட்டத்தில் போட்டிருந்தார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. நமக்கோ அது ஒன்றுதான் முக்கியம்.

குறைவான தொகைக்குக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் மிச்சமாகுமே என்று தோன்றலாம். அப்படிச் செய்யாதீர்கள். பல பாலிசிகளில் விகிதாசாரக் கழிவு விதி இருக்கும். பத்து லட்சம் மதிப்புள்ள சேகரிப்பை ஐந்து லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்து, அதில் இரண்டு லட்சத்துக்குச் சேதம் வந்தால் இரண்டு லட்சமும் கிடைக்காது, பாதியளவுதான் காப்பீடு செய்திருக்கிறோம் என்பதால் ஒரு லட்சம்தான் கிடைக்கும். ஐந்து லட்சம் வரை பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இது கிளெய்ம் நேரத்தில்தான் தெரியவரும்.

வீட்டு பாலிசி கொடுத்த நிறுவனத்திடமே இதைக் கூடுதலாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய பில் வேண்டும் என்றார். வீரரே கையில் கொடுத்த பேட்டுக்கு பில் எங்கிருந்து வரும்? வேறு சில இடங்களில் கிரிக்கெட் பேட் என்று சொன்னவுடனே விளையாட்டு உபகரணம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம்தான் கலைப்பொருட்களுக்கும் சேகரிப்புகளுக்குமான தனி பாலிசிகளைக் கையாளும் ஒரு புரோக்கரைப் பிடித்தேன். அங்கே கேள்விகளே வேறு மாதிரி இருந்தன. எங்கே வைத்திருக்கிறீர்கள், தரைத்தளமா மாடியா, சுவரில் மாட்டியிருப்பது எத்தனை, பெட்டிக்குள் இருப்பது எத்தனை, யாருக்காவது கண்காட்சிக்குக் கொடுப்பதுண்டா என்று கேட்டார். இந்தப் பொருட்களுக்கு எதனால் சேதம் வரும் என்பது தெரிந்த ஆளிடம்தான் பேசுகிறோம் என்ற நிம்மதி அப்போதே வந்துவிட்டது.

சரி, உண்மையான வேலை அதற்கப்புறம்தான் தொடங்கியது. பட்டியல் போடுவது. திருட்டுப்போன கலைப்பொருட்களை அடையாளம் காண்பதற்காக ஆப்ஜெக்ட் ஐடி என்று சர்வதேச அளவில் ஒரு முறை இருக்கிறது. கெட்டி அறக்கட்டளை முன்னின்று உருவாக்கி 1997ல் வெளியிட்டது, இப்போது உலக அருங்காட்சியகங்களின் அமைப்பான ஐகாமிடம் இருக்கிறது. என்ன பொருள், எதனால் ஆனது, அளவு என்ன, மேலே என்ன எழுதியிருக்கிறது, தனி அடையாளம் என்ன, எந்தக் காலத்தது, யார் செய்தது என்று கேட்டுக்கொண்டே போகும். நான் அதையே வைத்துக்கொண்டேன். இதில் தனி அடையாளம் என்ற இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரே வீரர் கையெழுத்துப் போட்ட பேட்டுகள் உலகத்தில் நிறைய இருக்கும், ஆனால் கைப்பிடிக்குக் கீழே இந்தக் கோணத்தில் விரிசல் விட்டு, மூன்றாவது கையெழுத்தின் மேல் பந்தின் சிவப்புத் தடம் விழுந்த பேட் ஒன்றுதான் இருக்கும். அதை எழுத்திலும் கிட்டத்தில் எடுத்த படத்திலும் பதிந்துவைத்தேன். முன்புறம், பின்புறம், ஓரம், கையெழுத்து, குறைகள் என எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்தேன். குறைகளை மறைக்கக் கூடாது, அவைதான் இது நம் பொருள் என்பதற்குச் சாட்சி. படங்களும் பட்டியலும் சேகரிப்பு இருக்கும் அதே வீட்டில் மட்டும் இருந்தால் பயனில்லை. ஒரு பிரதி கிளவுடிலும் இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருக்கின்றன.

அடுத்தது, கையெழுத்து உண்மையானதா என்ற கேள்வி. காப்பீட்டு நிறுவனம் இதில் கறாராக இருப்பதைக் குறைசொல்ல மாட்டேன். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்ற கும்பல்கள் பிடிபட்டன. கையெழுத்தோடு சேர்த்து அது அசல் என்று சொல்லும் சான்றிதழையும் போலியாகவே தயாரித்திருந்தார்கள். அதனால் விற்றவரே எழுதிக் கொடுத்த சான்றிதழ் ஒரு தாள், அவ்வளவுதான். விற்பனையில் சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு சோதித்துக் கொடுத்ததற்குத்தான் மதிப்பு. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. எல்லாப் பொருளையும் அனுப்பிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க முடியாது, விலை கூடியவற்றை மட்டும் அனுப்பினேன். மற்றவற்றுக்குப் பொருள் கைமாறி வந்த வரலாறைத் திரட்டினேன். கொடுத்தவரின் கடிதம், கையெழுத்து வாங்கும்போது எடுத்த புகைப்படம், பழைய மின்னஞ்சல், ஏல ரசீது என்று எது கிடைத்தாலும் அந்தந்தப் பொருளின் எண் போட்டு ஃபைலில் சேர்த்தேன்.

ஆட்டத்தில் அணிந்த சட்டைகளுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. 1986 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டை 2022ல் சதபீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஏலத்துக்கு முன் அவர் குடும்பத்தார் இது முதல் பாதியில் போட்டிருந்த சட்டை, கோல் அடித்தபோது போட்டது இல்லை என்றார்கள். ஏல நிறுவனம் அந்த ஆட்டத்தின் படங்களோடு சட்டையின் சின்னம், கோடுகள், எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, கோல் அடித்த சட்டைதான் என்று உறுதிப்படுத்தியது. என்னிடம் இருக்கும் சட்டை ஒன்றில் மார்புச் சின்னம் லேசாகச் சாய்ந்து தைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போட்டியின் படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதே சாய்வு அப்படியே தெரிந்தது. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தப் படங்களையும் ஃபைலில் வைத்தேன், மதிப்பீட்டாளர் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார்.

மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று சொல்பவரிடம் நான் போகவில்லை. மதிப்பை ஏற்றினால் அவருக்கு வருமானம் ஏறும் என்றால் அந்த அறிக்கையை யார் நம்புவார்கள்? உங்களிடமிருந்து அதை வாங்க ஆசைப்படுபவரும் சரிப்படமாட்டார், அவருக்கு மதிப்பு குறைவாக இருந்தால்தான் லாபம். வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் ஒருவரைப் பிடித்தேன். எந்த நோக்கத்துக்கான மதிப்பு என்பதையும் அறிக்கையில் எழுதவைக்க வேண்டும். விற்றால் கையில் வரக்கூடிய தொகை வேறு, அதே தரத்தில் இன்னொன்றைத் தேடி வாங்க ஆகும் தொகை வேறு. காப்பீட்டுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

செய்தியில் வரும் ஏல விலையை வைத்து நாமே ஒரு தொகை சொல்ல முடியாது என்பதையும் அவரிடம்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். ஷேன் வார்ன் தன் டெஸ்ட் தொப்பியை 2020 ஜனவரியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டபோது அது பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. அதே வருடம் டிசம்பரில் பிராட்மேனின் முதல் டெஸ்ட் தொப்பி 4,50,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. முன்னது நல்ல காரியத்துக்காக மனமுவந்து கொடுத்த தொகை, அதைச் சந்தை விலையாக எடுத்துக்கொண்டு வார்னின் மற்ற பொருட்களுக்குக் கணக்குப் போட முடியாது. அந்தத் தொகையைக் கொடுத்தவர்களை மனதாரப் பாராட்டலாம், மதிப்பீட்டு அறிக்கையில் ஒப்பீட்டுக்கு வைக்க முடியாது.

விண்ணப்பப் படிவத்தில் எதையும் விடாமல் சொன்னேன். காப்பீடு கேட்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது 1766ல் இங்கிலாந்து நீதிபதி மேன்ஸ்பீல்டு பிரபு சொன்ன தீர்ப்பிலிருந்தே வரும் பழைய விதி. இன்று சட்டங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் மறைத்த விஷயம் கிளெய்மைக் கெடுக்கும் என்பது பொதுவானது. பக்கத்து அறையில் ஒருமுறை குழாய் கசிந்ததை எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கச் சொன்னார்கள், அந்தச் சுவரில் எதையும் மாட்டக் கூடாது என்றார்கள். புகை அறிவிப்பானும் நல்ல பூட்டும் நிபந்தனையாக வந்தன. நிபந்தனை என்று எழுதியிருந்தால் அதை எப்போதும் கடைப்பிடித்தாக வேண்டும், அலாரத்தை அணைத்துவிட்டு வெளியூர் போன நாளில் திருட்டு நடந்தால் பதில் சொல்ல முடியாது.

வரைவு பாலிசி வந்ததும் அதைப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். நான் அதிகம் பேசி மாற்றியது இந்தக் கட்டத்தில்தான். முதல் விஷயம், ஒப்புக்கொண்ட மதிப்பு. இழப்பு வந்தபின் சந்தை விலை என்ன என்று ஆராயாமல், முன்கூட்டியே இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகையைக் கொடுப்பது. பட்டியலில் உள்ள பெரிய பொருட்களுக்கு இதைக் கேட்டு வாங்கினேன், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இரண்டாவது, பகுதிச் சேதம். கையெழுத்துத் தாள் நனைந்தால் பழைய தாள்களைச் செப்பனிடும் நிபுணர் அதைச் சரிசெய்யலாம், ஆனால் சரிசெய்த தாளுக்குப் பழைய விலை கிடைக்காது. அதனால் செப்பனிடும் செலவோடு குறைந்துபோன மதிப்பையும் தர வேண்டும் என்று தெளிவாக எழுதச் சொன்னேன். மூன்றாவது, தொகுப்பு. ஒரு தொடரின் ஐந்து டெஸ்டுகளின் ஸ்கோர்கார்டுகளும் சேர்ந்திருப்பதால்தான் அவற்றுக்கு அவ்வளவு மதிப்பு, ஒன்று போனால் மீதி நான்கின் மதிப்பும் சரியும். தொலைந்த ஒன்றுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு என்று பாலிசி சொன்னால் நமக்கு நஷ்டம். அந்த வாக்கியத்தை மாற்ற வெகு நாள் கடிதப் போக்குவரத்து ஆனது, மாற்றிக் கொடுத்தார்கள்.

விலக்குகளில் மாற்ற முடியாதவையும் உண்டு. மெதுவாக வரும் சேதம் எந்த பாலிசியிலும் அநேகமாகக் கிடையாது. வெயிலில் மங்கும் மை, ஈரத்தில் பூக்கும் பூஞ்சை, பூச்சி அரிப்பு, தாளே தன் அமிலத்தால் மஞ்சளாகிப் பொடிவது, இவையெல்லாம் நம் பொறுப்பு. புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டாலும் சாதாரண வெளிச்சமே மையை மங்கவைக்கும் என்பதால் முக்கியமானவற்றைச் சுவரிலிருந்து இறக்கி அமிலமில்லாத பெட்டிகளுக்கு மாற்றினேன். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று அறையிலேயே இருக்கிறது. எப்போது, எப்படிப் போனது என்றே தெரியாமல் ஒரு பொருள் காணாமல்போவதையும் பலர் ஏற்பதில்லை, அதனால் பட்டியலை வைத்துக்கொண்டு அவ்வப்போது சரிபார்க்கிறேன்.

புதிதாக வாங்கும் பொருளுக்குக் குறிப்பிட்ட நாட்கள் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு, அதற்குள் தெரிவித்துவிட வேண்டும். கூரியரில் அனுப்புவது, கண்காட்சிக்குக் கொடுப்பது இரண்டும் தனியாகக் கேட்டால்தான் சேரும், அனுப்பும் பொட்டலத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். மதிப்பீட்டையும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒரு வீரர் காலமானாலோ ஒரு சாதனை மறுபடி பேசப்பட்டாலோ விலைகள் எங்கேயோ போய்விடுகின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்தால் முதலில் மேலும் சேதமாகாமல் தடுக்க வேண்டும், இருக்கிற நிலையிலேயே படமெடுக்க வேண்டும், திருட்டென்றால் போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும், புரோக்கரை உடனே கூப்பிட வேண்டும். நனைந்த தாளையோ கருகிய பேட்டையோ சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நனைந்த தாளை ஹேர் டிரையர் வைத்துக் காயவைக்கவும் வேண்டாம், செப்பனிடும் நிபுணரின் போன் நம்பர் பாலிசி ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.